வெறுங்காலில் எடுத்த அளவு

அடையாறில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், முன்பு ஜெராக்ஸ் கடை இருந்த அறையில், நான் கோல்ஃப் மட்டைகளை அளந்து வளைத்துக் கொடுக்கிறேன். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "பணக்காரன் விளையாட்டுக்குக் கொல்லன் வேலையா?" என்று என் மைத்துனர் ஒருமுறை கேட்டார். அவரோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை. எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போகிறதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

இதற்கு முன் கிண்டியில் ஒரு சின்னப் பட்டறையில் இயந்திரப் பாகங்களுக்கான அச்சு செய்துகொண்டிருந்தேன். மயிரிழை பிசகினாலும் மொத்தத்தையும் தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிற ஆள் என்று அங்கே எனக்குப் பெயர். பட்டறையை மூடியதும், அங்கே சாமான் வாங்க வந்துகொண்டிருந்த ஒருவர் தன் கோல்ஃப் மட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். "இது எனக்குச் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். அளந்து பார்த்தேன். சரியாக இல்லை. அதை விற்ற கடைக்காரர் அவரை ஒரு முறைகூட அளக்கவில்லை. அவர் நாலு பேரிடம் சொன்னார், அந்த நாலு பேர் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், இப்படித்தான் இந்தத் தொழில் என்மேல் வந்து உட்கார்ந்தது.

விஷயம் ரொம்ப எளிமையானது. கோல்ஃப் இரும்பு மட்டையைத் தரையில் வைத்தால் அதன் தண்டு ஒரு சாய்வில் நிற்கும். அந்தச் சாய்வு ஆளுக்கு ஆள் மாற வேண்டும். சாய்வு சரியாக இருந்தால், பந்தை அடிக்கிற அந்த நொடியில் மட்டையின் அடிப்பாகம் தரையில் சமமாகப் படியும், பந்து நேராகப் போகும். தண்டு தேவைக்கு மேல் படுத்திருந்தால் மட்டையின் வெளி நுனியான மூக்கு மண்ணில் குத்தும், தண்டு சேருகிற குதிப்பக்கம் தூக்கிக்கொள்ளும், அடித்தவர் எவ்வளவு ஒழுங்காக அடித்திருந்தாலும் பந்து வலது பக்கம் விலகும். நிமிர்ந்திருந்தால் இதற்கு நேர்மாறு. இரண்டு டிகிரி பிசகினால் போதும், குழிக்குப் பக்கத்தில் விழவேண்டிய பந்து பக்கத்து மணலில் கிடக்கும்.

இதை நின்றபடி அளந்து கண்டுபிடிக்க முடியாது. பந்துக்கு முன்னால் சும்மா நிற்கும்போது எல்லாருக்கும் கை தாழ்ந்திருக்கும். வீசி அடிக்கும்போது கை மேலே எழும், தண்டும் கொஞ்சம் கீழ்நோக்கி வளையும். அதனால் நிற்கிற கோணத்தை நான் நம்புவதில்லை. என்னிடம் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பலகை இருக்கிறது. மட்டையின் அடியில் டேப் ஒட்டி, பலகைமேல் பந்தை வைத்து, எதிரே கட்டியிருக்கும் வலையைப் பார்த்து அடிக்கச் சொல்வேன். டேப் எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் மட்டை தரையைத் தொட்டிருக்கிறது. நடுவில் தேய்ந்திருந்தால் கைவைக்க மாட்டேன். மூக்குப் பக்கமோ குதிப்பக்கமோ தேய்ந்திருந்தால், மட்டையின் தலையை இரும்புப் பிடியில் இறுக்கி, கழுத்தில் கம்பி போட்டு நெம்பி, வேண்டிய டிகிரிக்குக் கொண்டுவருவேன். டேப் பொய் சொல்லாது சார் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன். அந்த டேப் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்பதை இப்போதும் சொல்வேன்.

நான் சொல்ல வந்தது ஒருவரைப் பற்றி. அவர் நகரத்து நடுவில் இருக்கிற ஒரு கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர்களின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்கிற வேலை பார்த்தார். முப்பது வயதிருக்கும். அப்போது அவரை நான் 'வா, போ' என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று வருகிறது. அன்றைக்குக் கொடுக்காத மரியாதையை இன்றைக்குக் காகிதத்தில் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது, ஆனாலும் மாற்றி எழுத மனசு வரவில்லை.

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அன்று மட்டும் பை தூக்குகிறவர்கள் தாங்களே ஆடிக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். உறுப்பினர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய மட்டைகளை வைத்துக்கொண்டு, அந்த உறுப்பினர்களைவிடப் பிரமாதமாக ஆடுவார்கள். இவர் ஆடுவதை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். பந்தை அடித்த பிறகு புல்லில் விழுகிற வெட்டுத் தடம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே ஆழத்தில் இருக்கும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை அது. பார்த்துப் பார்த்து வந்தது.

அந்தச் சமயத்தில் கிளப்பில் உதவிப் பயிற்சியாளர் வேலை ஒன்று காலியானது. பை தூக்குகிறவர்களில் ஒருவருக்கே அதைக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். அடுத்தடுத்து இரண்டு திங்கட்கிழமை ஆட வேண்டும். இரண்டு நாள் ஆட்டத்தையும் சேர்த்து யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவருக்கு வேலை, கூடவே கிளப் வளாகத்துக்குள் குடியிருக்க ஒரு வீடு. இவருக்கு அந்த வீடுதான் வேண்டியிருந்தது. ஆற்றங்கரையில் இவர்கள் இருந்த குடியிருப்பை இடித்துவிட்டு, பெரும்பாக்கம் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். இவர் விடிவதற்கு முன்பே பஸ் ஏறுவார். இவர் மனைவி தி. நகரில் ஒரு ஜவுளிக் கடை மாடியில் ரவிக்கை, பாவாடை பிடித்துக் கொடுக்கிற தையல் வேலைக்கு இன்னொரு பஸ்ஸில் வருவார். மகள் பழைய பள்ளிக்கூடத்தை விடமாட்டேன் என்று அடம்பிடித்ததில், சைதாப்பேட்டையில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள்.

"அந்த வூடு கெடச்சா மூணு பேரும் ஒரே எடத்துல தூங்கலாம் சார்" என்று என்னிடம் சொன்னார்.

ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு உறுப்பினர் தன்னுடைய நல்ல மட்டைகளையும் முள் வைத்த ஷூவையும் இவருக்குக் கொடுத்திருந்தார். மட்டைகள் அருமையானவை, ஆனால் அந்த உறுப்பினரின் உயரத்துக்குச் செய்தவை. ஷூ இவர் காலுக்கு இரண்டு அளவு பெரிது. உள்ளே தடிமனான அட்டை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு இறுக்கியிருந்தார். முதல் ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"எனக்குத் தக்கனா மாதிரி வளச்சுக் குடுங்க சார். டைம் கம்மியா கீது."

என் கடை வாசலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் சாமி படம், கீழே சின்ன விளக்கு. உறுப்பினர்கள் முள் ஷூ டக் டக்கென்று சத்தம் போட நேராக உள்ளே வருவார்கள், பாய்மேல் ஏறி நின்று அடிப்பார்கள். கூரியர் கொண்டுவருகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர், பை தூக்குகிறவர்கள் எல்லாரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருவார்கள். நான் யாரையும் கழற்றச் சொன்னதில்லை. கழற்ற வேண்டாம் என்றும் யாரிடமும் சொன்னதில்லை. பல வருடமாக அது அப்படியே நடந்துகொண்டிருந்தது, என் கண்ணில் பட்டதே இல்லை.

அவரும் ரப்பர் செருப்பை வாசலில் விட்டார். ஷூ இருந்த பிளாஸ்டிக் பையையும் அதன் பக்கத்திலேயே வைத்தார். வெறுங்காலோடு பாய்மேல் வந்து நின்றார். நான் டேப் ஒட்டினேன், பலகையைப் போட்டேன். பத்துப் பந்து அடித்தார். பத்தும் ஒரே இடத்தில் தேய்ந்திருந்தது. குதிப்பக்கம். அப்படி ஒரே இடத்தில் தேய்ப்பவர்கள் அபூர்வம். எனக்கு உள்ளுக்குள் குஷி. இவ்வளவு சுத்தமாக அடிக்கிறவருக்கு அளவும் சுத்தமாக வரும் என்று நினைத்தேன். எல்லா மட்டையையும் இரண்டு டிகிரி படுக்க வைத்தேன். மறுபடி அடிக்கச் சொன்னேன். டேப் நட்டநடுவில் தேய்ந்தது.

"இனி நீ கண்ணை மூடிக்கிட்டு அடிச்சாலும் நேராத்தான் போகும்" என்றேன்.

அவர் சாமி படத்தையும் என்னையும் ஒரே கும்பிடாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

முதல் திங்கட்கிழமை ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் வந்தார். கடையில் அப்போது கிளப்பின் முக்கியஸ்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கிளப்புக்குள்ளேயே எனக்கு ஒரு அளவெடுக்கிற அறை ஒதுக்கித் தருவதைப் பற்றிப் பேச வந்திருந்தார். நான் என் டேப்பின் மகிமையை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். இவர் வாசலில் நின்றபடியே, "சார், பந்து வலது பக்கமாவே போய்க்கினு கீது சார். ஸ்டிக்க ஒரு தபா பாக்கறீங்களா?" என்றார். எவ்வளவு தணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தணிவாகத்தான் சொன்னார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த முக்கியஸ்தர் முன்னால் கேட்டுவிட்டாரே என்பதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

"நான் அளந்ததுல தப்பு வராது. பயத்துல உன் கை மேல தூக்குது. கையைத் தாழ்த்தி அடி. ஸ்டிக்கைக் குறை சொல்லிட்டு வராதே."

"சரி சார்" என்றார். பலகை இரண்டடி தூரத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அதை எடுத்துப் போட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நான் எடுக்கவில்லை. முக்கியஸ்தர் சிரித்துக்கொண்டே, "இவங்க எல்லாம் இப்படித்தான்" என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வியாழக்கிழமை வயதான டாக்டர் ஒருவர் புது மட்டை அளக்க வந்தார். மயிலாப்பூர்க்காரர். கார் கதவைத் திறந்து வெறுங்காலோடு இறங்கி நேராகப் பாய்மேல் போய் நின்றார்.

"கோயிலுக்குப் போயிட்டு அப்படியே வந்துண்டிருக்கேன். ஆத்துக்குப் போயிட்டு வந்தா நாழியாயிடும்" என்றார்.

"ஷூ இல்லாம அளக்கக் கூடாது டாக்டர். உயரம் குறைஞ்சா கை இறங்கிடும், மட்டையைப் படுக்க வெச்சுடுவேன். அப்புறம் மைதானத்துல பந்து எல்லாம் வலது பக்கம் போகும். எடுத்துட்டு வாங்க" என்றேன்.

சொல்லி முடித்தபோதுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே கேட்டது. டாக்டர் கார் டிக்கியில் எப்போதும் கிடக்கிற கோல்ஃப் ஷூவை எடுத்துவரப் போனார். நான் கையிலிருந்த டேப் சுருளைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். வாசலில் பிளாஸ்டிக் பையை வைத்துவிட்டு நிமிர்ந்த அந்தப் பை தூக்குகிறவரின் உருவம் அப்படியே வந்து நின்றது. அடி தடித்த அந்த ஷூ, உள்ளே இரண்டு அட்டை, அதைப் போட்டால் அவர் உயரமே வேறு. அவர் கைக்கு ஒரு குறையும் இல்லை. பத்துப் பந்தையும் ஒரே இடத்தில் தேய்த்த கை அது. தப்பு முழுக்க என்னுடையது, கடைக்கோடி டிகிரிவரை.

டாக்டரை அளந்து அனுப்பிவிட்டு ஃபோனை எடுத்தேன். பை தூக்குகிறவரின் நம்பர் அதில் இருந்தது. அழைக்கவில்லை. டாக்டரிடம் தானாக வந்த வார்த்தை தன்னிடம் ஏன் வரவில்லை என்று அவர் கேட்டால் என்ன சொல்வேன்? அதோடு, தப்பு என்னுடையது என்றால் அது கிளப்புக்குள் போகும், போனால் முக்கியஸ்தர் காதுக்குப் போகும், அறை போய்விடும். இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக அப்போது நினைத்தேன் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம். சனிக்கிழமை, அவரே கையைச் சமாளித்துக்கொண்டிருப்பார் என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல சாக்கு கிடைத்தது. ஆட்டத்துக்கு முதல் நாள் மட்டையை மாற்றினால் அவருக்குக் குழப்பமாகிவிடும், அவர் நல்லதுக்குத்தான் சும்மா இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வளைத்ததைத் திருப்பி நிமிர்த்த முக்கால் மணி நேரம் போதும். அவ்வளவுதான் வேலை.

திங்கட்கிழமை மைதானத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், எப்படியாவது அவர் ஜெயித்துவிட்டால் என் தப்பு அழிந்துபோகும் என்ற நப்பாசை. கடைசிக் குழிக்குப் பக்கத்தில், வேலி ஓரமாக ஒரு மரத்தை ஒட்டி நின்றேன். அவர் குனிந்து, கையைத் தாழ்த்தி, நான் சொன்னதை அப்படியே செய்துகொண்டிருந்தார். வழக்கமான அவர் ஆட்டமே இல்லை அது. ஆறு நாளில் பழகின ஆட்டம். பந்து மேலே எழும்பி நேராகத்தான் கிளம்பியது, பிறகு மெல்ல வலது பக்கம் விலகி மணலில் போய் விழுந்தது. மணலிலிருந்து எடுக்க ஒரு அடி கூடுதலாக ஆனது. அந்த ஒரே ஒரு அடியில்தான் வேலை இன்னொருவருக்குப் போனது.

எல்லாரும் நகர்ந்த பிறகு அவர் அடித்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். வெட்டுத் தடம் மூக்குப் பக்கம் ஆழமாகவும், குதிப்பக்கம் புல் நுனிகூடக் கலையாமலும் இருந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற யார் பார்த்தாலும் மட்டைதான் தப்பு என்று சொல்லிவிடுவார்கள். காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினேன். மைதானத்தில் எல்லாரும் செய்கிற காரியம்தான், வெட்டின புல்லை மூடிவிட்டுப் போவது மரியாதை. நான் மரியாதைக்காக மூடவில்லை.

அவர் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "வந்தீங்களா சார்! கை சரியா வரல சார். நீங்க சொன்ன மாதிரிதான் பாத்தேன், வரல" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. "பரவால்ல, பழகினா வந்துடும்" என்றேன். வேறென்ன சொல்லியிருக்கலாம் என்பதற்கு ஆயிரம் வாக்கியம் இருக்கிறது, நான் சொன்னது இதுதான்.

கிளப்பில் எனக்கு அறை கிடைத்தது. இரண்டு மாதம் போனேன். அவர் என்னை எதிரில் பார்க்கும்போதெல்லாம் பையை இறக்கி வைத்துவிட்டு வணக்கம் சொல்வார். அதைத் தாங்க முடியாமல், முதுகு வலி என்று சொல்லி அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடை வாசலில் மட்டும் ஒரு மாற்றம் செய்தேன். யார் வந்தாலும் காலில் போட்டதோடு உள்ளே வரச் சொல்வேன். தண்ணீர் கேன் போடுகிறவர் முதல் தடவை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஒரு வருடம் கழித்து அவர் கடைக்கு வந்தார். மட்டைகளுக்குப் பிடி ரப்பர் மாற்ற வேண்டும் என்றார். செருப்பைக் கழற்றப் போனவரைத் தடுத்து, கையோடு கொண்டுவந்திருந்த ஷூவைப் போட்டுக்கொண்டு உள்ளே வரச் சொன்னேன்.

"இன்னா சார், சாமி படம் கீதே" என்று தயங்கினார்.

"பரவால்ல, வா. ஒரு தடவை அடிச்சுக் காட்டு."

என் திட்டம் இதுதான். ஷூவோடு அளந்து, டேப்பில் மூக்குப் பக்கம் தேய்ந்திருப்பதை அவருக்கே காட்டி, தப்பை ஒப்புக்கொண்டு, மட்டையைத் திருப்பி நிமிர்த்திக் கொடுத்துவிடுவது. ஒரு வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். அவர் பலகைமேல் பந்தை வைத்து அடித்தார். மட்டையைத் திருப்பிப் பார்த்தேன். டேப் நட்டநடுவில் தேய்ந்திருந்தது. இன்னொன்று அடிக்கச் சொன்னேன். அதுவும் நடுவில்தான்.

பிறகுதான் மட்டையை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன். முட்டியை மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து, கையைத் தொடைக்குக் கீழே இறக்கி நின்றுகொண்டிருந்தார். அந்த நீளமான பழைய வீச்சு போய், வெட்டிவிட்ட மாதிரி பாதியில் நின்றது. நான் தப்பாக வளைத்த மட்டைக்குத் தக்கபடி அவர் தன்னை வளைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா சார்? இப்பல்லாம் வலது பக்கம் போறதேயில்ல. நீங்க சொன்னதுதான் கரெக்டு, என் கையிலதான் தப்பு. ஒரு வருசம் புடிச்சிது பழக. தூரம் முன்ன மாதிரி போறதில்ல, இடுப்புதான் கொஞ்சம் புடிச்சுக்கினு கீது" என்று சிரித்தார். இடுப்பில் வலிக்கு ஒட்டுகிற பட்டையின் வாசனை வந்தது.

நான் சொல்லிவிட்டேன். ஸ்டூலில் உட்காரவைத்து, வெறுங்கால், ஷூ, இரண்டு டிகிரி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ என் கை?"

"உன் கை சரியாத்தான் இருந்துச்சு. ஒரு குறையும் இல்ல. நான் அளந்ததுதான் தப்பு."

அடிப்பார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் வந்தது சந்தோஷம். அது என்னை அடித்ததைவிட மோசமாக இருந்தது.

"சார், இத எங்க ஊட்டுக்காரிகிட்ட வந்து நீங்களே சொல்லணும் சார். அவ அப்பவே சொன்னா, ஸ்டிக்க வளச்சப்புறம்தான் இப்புடி ஆவுது, அளவுல எதுனா தப்பு இருக்கும்னு. நான்தான் சண்ட போட்டேன். கைய ஒழுங்கா வச்சுக்காம ஊட்ட கோட்டவிட்டேன்னு அவங்க அண்ணன்லாம் பேசனாங்க சார். நீங்க சொன்னா நம்புவாங்க."

எப்போது தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இத்தனை சொன்ன பிறகு அது ஒன்று போனால் என்ன என்று மனசு பேரம் பேசியது. அவர் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாமே என்று மறுபடியும் ஒரு நல்ல சாக்கு.

அன்றைக்கே மத்தியானம் அவரோடு தி. நகர் போனேன். மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துக் கூட்டத்தில் இடிபட்டு, ஒரு ஜவுளிக் கடையின் பின்படிக்கட்டில் மூன்றாவது மாடிக்கு ஏறினோம். வரிசையாகத் தையல் மிஷின்கள், சாப்பாட்டு நேரமென்பதால் பாதி ஓடவில்லை. ஓரத்து மிஷினில் இருந்த அவர் மனைவி எழுந்து வந்தார். சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்றார்.

"சார் இன்னா சொல்றார்னு கேளு" என்று அவர் என்னை முன்னால் தள்ளினார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவன் முகம்போல இருந்தது அவர் முகம்.

நான் மறுபடியும் சொன்னேன். அவர் மனைவி கையிலிருந்த ஊசியை மேலாடைத் தோளில் குத்திக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெறுங்காலோட நிக்க வச்சா அளந்தீங்க?"

"ஆமாம்மா."

"நாங்க கல்யாணப் பொண்ணுங்களுக்கு பாவாட உயரம் எடுக்கறப்போ, அன்னிக்குப் போடப் போற செருப்பு எடுத்தாந்து போட்டுக்கினு நின்னாத்தான் எடுப்போம் சார். இல்லன்னா தரைக்கு மேல ஏறிப்பூடும்."

"எனக்கும் தெரியும்மா. மத்தவங்களுக்கு அப்படித்தான் எடுப்பேன். இவருக்குத் தோணல."

அதை அப்படியே ஏற்றுக்கொண்ட மாதிரி தலையாட்டினார். அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. புருஷன் பக்கம் திரும்பி, "நான் சொன்னேன்ல?" என்றார். "சொன்ன, சொன்ன" என்று அவர் சிரித்தார். அத்தோடு முடிந்துவிடும், கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

"எங்களுக்கு அளவு தப்பாப் போனா அடுத்த நாளே தெரிஞ்சிரும் சார்" என்றார் அந்த அம்மா. "உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

கோபமாகக் கேட்கவில்லை. தொழில் தெரிந்த ஒருவர் தொழில் தெரிந்த இன்னொருவரிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். போன மாதம் என்றால் போதும், நம்பியிருப்பார்கள். வாயில் அந்த வார்த்தை தயாராகவும் இருந்தது.

"வியாழக்கிழமை" என்றேன். "ரெண்டாவது ஆட்டத்துக்கு நாலு நாள் முன்னாடி."

சாப்பாட்டு நேரம் முடிந்து பக்கத்து மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. கணவர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை, எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அவர் மனைவியைப் பார்த்து, மெதுவாக, "நீ அப்பவே சொன்ன. நான் சார நம்புனேன்" என்றார்.

என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.